சர்க்கார் மெஷின்

மெஷின் பட்டறையில்தான் இருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் விற்கவில்லை, அதன் ஒரு போல்ட்டுகூட வாசற்படி தாண்டவில்லை. ஆனாலும் "எங்கே, காட்டு" என்று கேட்டால், அக்காவால் கையை நீட்டி ஒன்றைக் காட்ட முடியவில்லை.

காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மெஷின்களையும் கோயில் பிரகாரம் போலச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றுமே அட்டைப்பெட்டி தைக்கிறவை. ஒன்றின் பக்கவாட்டில் குனிந்தாள், இன்னொன்றின் பின்னால் போய் உட்கார்ந்தாள், மூன்றாவதன் முகத்தருகே கண்ணைச் சுருக்கினாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் கிடைத்தது. மூன்று எண்ணும் சரி. ஆனால் மூன்றும் மூன்று மெஷினில் இருந்தன. படிவம் கேட்பது ஒரே மெஷினை.

அவளைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். தம்பியும் தங்கையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சரக்கு எடுக்க வருகிறவர்கள் கூப்பிட்டு, கடைசியில் அவளைவிட மூத்த கம்பி வியாபாரியும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கணவர் மட்டும் "முதலாளியம்மா" என்பார். அவர் வேன் ஓட்டுகிறவர். தைத்து அடுக்கிய பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை.

"முதலாளியம்மா, மெஷினோட கண்ணாமூச்சி ஆடி முடிச்சிட்டீங்கன்னா லோடு ஏத்தலாமா?" என்றார் வாசலில் நின்று.

அவளுக்குச் சிரிப்பு வருகிற நேரமில்லை அது.

விஷயம் இதுதான். சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் பேங்கில் போய் நின்றால், பேங்க் கேட்கும் முதல் கேள்வி, அடமானம் வைக்க என்ன இருக்கிறது என்பது. அடமானம் வைக்க ஏதாவது இருந்தால் அவர்கள் ஏன் பேங்க் வாசலில் நிற்கப்போகிறார்கள்? அந்த இடத்தில்தான் அரசாங்கத்தின் கடன் உதவித் திட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. "நீ கொடு, இவர்களுக்கு நான் ஜாமீன்" என்று பேங்குக்குச் சொல்கிறது. வட்டியிலும் ஒரு பங்கைத் தானே கட்டுகிறது. பதிலுக்கு அது கேட்பது அறிக்கை. வருஷத்துக்கு ஒரு முறை எழுது: எத்தனை பேருக்கு வேலை கொடுத்தாய், எவ்வளவு சரக்கு போட்டாய், வாங்கிய பொருள் வாங்கிய இடத்திலேயே இருக்கிறதா. பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு, "சாப்பிட்டாயா, படிக்கிறாயா, சட்டையைத் தொலைத்துவிடவில்லையே" என்று கேட்டுக் கடிதம் போடுகிற அப்பன் மாதிரி. அப்பனுக்குச் சட்டை முக்கியமில்லை. கொடுத்தது வீணாகப் போகவில்லை என்று தெரிந்தால் போதும்.

அப்படி அரசாங்கத்தின் கை பிடித்துத்தான் இந்தப் பட்டறை மூன்றில் ஒன்றை வாங்கியது, அதனால் அதற்குச் சர்க்கார் மெஷின் என்று பெயர். கடன் கட்டி முடிகிற வருஷம் இது. கடைசியாக ஒரு நிறைவு அறிக்கை கொடுக்க வேண்டும். வெறும் எழுத்து போதாது, படமும் வேண்டும். ஒரே ஒரு படம். அதில் வாங்கிய மெஷினின் மூன்று எண்களும் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். ஓடுகிற மெஷின் என்பதற்கு அடையாளமாகத் தைக்கிற இடத்தில் பாதி தைத்த பெட்டி இருக்க வேண்டும்.

ஒரு மெஷினுக்கு எதற்கு மூன்று எண் என்று கேட்கலாம். பெட்டி தைக்கும் மெஷின் ஒரே தொழிற்சாலையில் பிறப்பதில்லை. உடம்பு, அதாவது இரும்புத் தூணும் முன்னால் நீட்டிய கையும், ஒரு கம்பெனியில் வார்க்கப்படும். தலை வேறு கம்பெனி. வித்தை முழுக்கத் தலையில்தான். மேலே மாட்டிய சுருளிலிருந்து தட்டைக் கம்பி இறங்கி வரும். தலை அதைச் சரியான அளவுக்கு இழுக்கும், வெட்டும், கவிழ்த்த 'ப' போல வளைக்கும், அட்டைக்குள் குத்தும். கீழே நீட்டிய கையின் முனையில் உள்ள இரும்புக்கட்டை அந்த 'ப'வின் இரண்டு காலையும் உள்பக்கமாக மடக்கிவிடும். காலால் மிதியை ஒரு அழுத்து அழுத்துவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடும். இதையெல்லாம் ஓட்டுகிற மோட்டார் மூன்றாவது கம்பெனி. ஆகவே உடம்புக்கு ஒரு தகடு, தலைக்கு ஒரு எண், மோட்டாருக்கு ஒரு தகடு.

புதிதாக வந்து இறங்கிய அன்று மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. இப்போது தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம்.

அறிக்கை ஏற்கப்படாவிட்டால், இத்தனை வருஷமாக அரசாங்கம் கட்டிய வட்டிப் பங்கு மொத்தமும் திரும்பிப் போக வேண்டும். அதைப் புரட்ட ஒரு மெஷினை விற்பதைத் தவிர அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. எதை விற்பது? ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் வைத்துக்கொண்டு பிழைப்பவை மூன்றும். ஒன்றை வாசலுக்கு அனுப்பினால் சின்னவளுக்கு இங்கே வேலை இருக்காது. சின்னவள் என்றால் அக்காவின் தங்கை. பள்ளிக்கூடம் போகும் மகளோடு தனியாக இருக்கிறாள். அவளுக்குச் சோறு போடுவது புருஷன் இல்லை, இந்தப் பட்டறைதான்.

"தம்பிக்குப் போன் போடுக்கா," என்றாள் சின்னவள், கை வேலையை நிறுத்தாமல். "பிரிச்சு மேஞ்சவன் அவன்தானே."

தம்பி மூவரில் கடைக்குட்டி. கடைக்குட்டி என்றாலும் காதோரம் நரைத்தவன். கல்யாணமான பிறகு வெகுதூரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்குப் போய்விட்டான். பட்டறையில் இருந்தவரை பழுது பார்த்ததும் அவன்தான், போன பிறகும் வருஷ அறிக்கை எழுதி அனுப்பியதும் அவன்தான். அக்கா விஷயத்தைச் சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"என்னடா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. மாற்றம் ஏதும் உண்டான்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல நான் வருஷா வருஷம் என்ன எழுதினேன்னு ஞாபகம் வந்துச்சு."

"என்ன எழுதினே?"

"முன்போலவேன்னு."

அக்கா போனை வைத்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்போலவே என்று அவன் எழுதிய அந்த வருஷங்களில் பட்டறையில் ஒரு நாளாவது முன்போல இருந்ததா?

கிழவிதான் முதலில் வந்தது. பழையதாக வாங்கிய மெஷின். வரும்போதே அதற்கு இருமல் இருந்தது. தைக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் முன்னால் ஒரு செருமல் செருமும், அதனால் கிழவி. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று பேரும் முறை போட்டுத் தைத்தார்கள். ஒருவர் தைக்க, ஒருவர் மடிக்க, ஒருவர் அடுக்க. அப்போது பட்டறைக்கு மேல்மாடி ஒற்றை அறையில்தான் நாலு பேரும் குடியிருந்தார்கள். அட்டை வாசனையும் எண்ணெய் வாசனையும் படியேறித் தலையணை வரைக்கும் வரும். துணியைத் துவைத்து உலர்த்தினாலும் அதில் அட்டைத்தூசி மினுங்கும். அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, மடித்த அட்டைக் கட்டின் மேல் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று தம்பி கேலி செய்வான். "மெத்தை வாங்கித் தந்தா அதையும் தைச்சு டெலிவரி பண்ணிடுவார்" என்பான்.

பிறகு சர்க்கார் மெஷின் வந்தது. பச்சை வர்ணம், கீறல் இல்லாத உடம்பு, இருமாத தொண்டை. வேனிலிருந்து அதை இறக்கும்போது தெருவே கூடி நின்றது. சின்னவள் அதன் மிதியை முதலில் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காலே வேணாம்க்கா, நினைச்சாலே குத்துது" என்றாள். அன்று முழுக்க அவளை அதிலிருந்து எழுப்ப முடியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் மாடி இல்லாத பக்கத்துக் கூரை ஒழுகித் தண்ணீர் கிழவியின் மோட்டாரில் இறங்கியது. புகை வந்தது, அத்தோடு சரி. கையில் பெரிய ஆர்டர். கிழவியின் கை நீளமானது, பெரிய பெட்டி அதில்தான் நுழையும். சர்க்கார் மெஷினுக்கு அந்த நீளம் கிடையாது. தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். சர்க்காரின் மோட்டாரைக் கழற்றிக் கிழவிக்கு மாட்டினான். பொருந்தவில்லை என்றதும் தாங்குகிற இரும்பை வெட்டி, வேறு துண்டு வைத்து வெல்டிங் செய்தான். கிழவி முதன்முறையாக இருமாமல் ஓடியது. தம்பி அவளைத் தட்டிக் கொடுத்து, "பாட்டிக்கு இதய ஆபரேஷன் சக்சஸ்" என்றான்.

மோட்டார் இல்லாத சர்க்கார் மெஷின் சும்மா நின்றது. அந்தச் சமயத்தில்தான் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து மூன்றாவது மெஷின் இரும்பு விலைக்கு வந்தது. தலை உடைந்து தனியே தொங்கிக்கொண்டு வந்ததால் அதற்கு ஊமை என்று பெயர். அதன் மோட்டார் மெதுவான மோட்டார், ஆனால் நன்றாகச் சுற்றியது. அது சர்க்காருக்குப் போனது. ஊமையின் உடம்போ யானை உடம்பு, எவ்வளவு தடித்த அட்டை கொடுத்தாலும் அசையாது. தடித்த அட்டைக்குத் தடித்த கம்பி வேண்டும். தடித்த கம்பியை வளைக்கிற தெம்பு சர்க்காரின் புதுத் தலைக்குத்தான் இருந்தது. ஆகவே அந்தத் தலை ஊமைக்கு. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு மோட்டாரும் ஊமைக்கு. உடைந்த தலையைத் தம்பி பொறுமையாகப் பழுது பார்த்தான். அது மெல்லிய கம்பியை மட்டும் வளைத்தது. அது சர்க்காரின் உடம்பில் உட்கார்ந்தது.

கேட்கப் பைத்தியக்கார வேலை மாதிரி இருக்கும். ஆனால் எல்லாம் முடிந்தபோது, பெரிய பெட்டிக்கு ஒன்று, தடித்த பெட்டிக்கு ஒன்று, சின்னப் பெட்டிக்கு ஒன்று என்று மூன்று மெஷின் ஓடியது. புதிதாக ஒன்று வாங்கிய காசில் மூன்று. அக்கா கிழவியில், தம்பி ஊமையில், சின்னவள் சர்க்காரில். மூன்று சத்தமும் மூன்று விதம். கிழவி டொக் என்று குத்தும், ஊமை தடால் என்று, சர்க்கார் டிக் என்று. கண்ணை மூடிக்கொண்டு மாடியில் படுத்திருந்தாலும் யார் வேலை செய்கிறார்கள், யார் கதை பேசுகிறார்கள் என்று அத்தான் சொல்லிவிடுவார். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் மூவருக்கும் இன்றைக்கும் தொண்டை பெரிது. கல்யாண வீட்டில் இவர்கள் ரகசியம் பேசினால் பந்தி முழுக்கக் கேட்கும்.

தம்பி போனபிறகு ஊமையில் எதிர்வீட்டுப் பெண் உட்காருகிறாள். நன்றாகத் தைக்கிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் மிதிக்கிற தாளம் வேறு. பழைய தாளம் காதில் இல்லாமல் போன வெறுமை அக்காவுக்குச் சில நாள் மதியங்களில் தட்டும்.

தம்பி மறுநாளே சாமான் பையோடு பஸ் ஏறி வந்துவிட்டான். வந்ததும் மூன்று மெஷினையும் தொட்டுப் பார்த்தான், மனிதர்களை அப்புறம்தான் விசாரித்தான்.

"மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி ஒரு நடை நடக்குறான் பாரு," என்றாள் சின்னவள். "முன்போலவேன்னு எழுதின கையைக் காட்டுடா, கண்ணுல ஒத்திக்கிறேன்."

"போடி. ஒரு வரி எழுதுற இடத்துல ராமாயணமா எழுத முடியும்?"

சின்னவளுக்கு ஒரு யோசனை இருந்தது. தகடு என்பது ரிவெட் ஆணி அடித்துப் பதித்த ஒரு சின்ன அலுமினியத் துண்டு. உடம்பின் தகட்டையும் மோட்டாரின் தகட்டையும் கழற்றி ஊமையில் அடித்துவிட்டால், ஏற்கனவே தலை அதில்தான் இருக்கிறது, மூன்று எண்ணும் ஒரே மெஷினில் வந்துவிடும். படம் எடுத்த பிறகு திரும்ப மாட்டிக்கொள்ளலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

அக்கா வேண்டாம் என்றாள். பயத்தால் மட்டும் சொல்லவில்லை. முதல் கடன் கேட்டுப்போன பேங்குகள் எல்லாம் இவர்களைக் கள்ளர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தபோது, நம்பிக் கொடுத்தது அந்தத் திட்டம் ஒன்றுதான். கட்டி முடிக்கிற நேரத்தில் அதன் கண்ணில் மண்ணைத் தூவ அவளுக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் உண்மையாகவே ஒன்று சேர்த்துவிடலாம் என்று தம்பி இறங்கினான். தலையையும் மோட்டாரையும் பழையபடி சர்க்கார் உடம்புக்குக் கொண்டுவருவது, படம் எடுப்பது, மறுபடி பிரிப்பது. "ஒரு நாள் கல்யாணம், மறுநாள் விவாகரத்து" என்றான். கிழவியின் பின்பக்கம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. தாங்கி இரும்பை வெட்டினால்தான் மோட்டார் வெளியே வரும். வெட்டினால் கிழவி மறுபடி நிற்க வேறு தாங்கி செய்ய வேண்டும். ஊமையில் பொருத்துவதற்காகச் சர்க்கார் தலையின் போல்ட் துளைகளையே அவன் பெரிதாக்கியிருந்தான். சர்க்கார் உடம்பில் அது இனி ஆடிக்கொண்டுதான் நிற்கும். ஆடுகிற தலை கம்பியை வளைக்காது, முறிக்கும். மேலும் செருப்புக் கம்பெனிக்கு வார இறுதியில் பெட்டி கொடுத்தாக வேண்டும். மூன்று மெஷினையும் படுக்கப்போட்டால் அந்த ஆர்டர் போய்விடும்.

"நல்லா ஒட்டிட்டேன்க்கா," என்றான் வருத்தமாக. "பிரிக்கணும்னு நினைச்சு ஒட்டல."

அன்று சாயங்காலம் மாடியறையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்போது அந்த அறை சரக்கு வைக்கிற இடம். அட்டைக் கட்டுகளின் நடுவே தட்டு வைக்க இடம் பார்க்க வேண்டியிருந்தது. அத்தான் பழக்கதோஷத்தில் ஒரு கட்டின் மேல் சாய்ந்தார். சின்னவள் அந்தக் காலத்தில் யார் எந்த மூலையில் படுப்போம் என்று மகளுக்குக் காட்டினாள். "இவ்வளவு இடத்துலயா?" என்றது பெண். தம்பி ஜன்னல் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பி எப்போதும் தளர்ந்துதான் இருக்கும். அவன்தான் எப்போதும் திருகுவான். அக்கா அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் எழுந்து தட்டுகளை எடுத்தாள்.

மறுநாள் திட்ட அலுவலகத்திலிருந்து கள ஆய்வாளர் வந்தார். நிறைவு அறிக்கைக்கு முன்னால் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பது வழக்கம். நடுத்தர வயதுப் பெண்மணி. வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் திரும்பிப் பார்த்து நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அக்கா அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எந்தப் பாகம் எங்கே போனது, ஏன் போனது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆய்வாளர் மூன்று இடத்திலும் குனிந்து எண்களைத் தன் தாளோடு சரிபார்த்தார். ஊமையின் தலை கம்பியை வளைப்பதை இரண்டு மூன்று தடவை ஓட்டச் சொல்லிக் குழந்தை மாதிரி பார்த்தார்.

"இவ்வளவு வருஷமா முன்போலவேன்னு எழுதியிருக்கீங்களே," என்றார்.

"நான்தான் மேடம் எழுதினேன்," என்றான் தம்பி, பள்ளிக்கூடத்துப் பையன் போல எழுந்து நின்று.

"மாத்தினது தப்பில்லைங்க. ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. மாத்தினதைச் சொல்லாததுதான் தப்பு. எது எங்க இருக்குன்னு ஒரு திருத்தக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நேர்ல பார்த்தேன்னு நானும் எழுதுறேன். அது ஆயிடும்." அவர் தாளை மடித்தார். "என் கையில இல்லாதது அந்தப் படம். அது கம்ப்யூட்டர் கேக்குறது. ஒரு படத்துக்கு மேல ஏத்தவே விடாது."

அக்காவுக்கு எதுவுமே அது எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை ஓடும். மெஷினில் ஒரு சின்ன வளையம் இருந்தால்கூட அது எதைத் தடுக்கிறது, எதைத் தாங்குகிறது என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுவாள். அதே குரலில் ஆய்வாளரிடம் கேட்டாள்.

"அந்தப் படத்தைப் பார்த்து நீங்க என்ன தெரிஞ்சுக்கணும் மேடம்?"

"ரெண்டு விஷயம்மா. வாங்கினதை வித்துடல, சும்மாவும் போட்டு வைக்கல. முன்னாடி மூணு எண்ணுக்கு மூணு படம் வாங்கினோம். ஆளுங்க ஒரு எண்ணை இங்க எடுக்கிறது, இன்னொண்ண வேற யார் பட்டறையிலயோ எடுக்கிறது. அதனாலதான் எல்லாம் ஒரே படத்துல இருக்கணும்னு வெச்சாங்க."

"அப்ப, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்குன்னு தெரியணும்."

"அதான்."

"ஒரே உடம்புல இருக்கணும்னு போட்டிருக்கா?"

ஆய்வாளர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு விதியை முதலிலிருந்து படித்தார். மூன்று எண்களும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தைத்துக்கொண்டிருக்கும் பெட்டியோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் இருந்தது. எழுதியவருக்கு இப்படியும் ஒரு பட்டறை இருக்கும் என்று தோன்றியிருக்காது. ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து மேலதிகாரியிடம் கொஞ்ச நேரம் பேசினார். திருத்தக் கடிதம் கூடவே வந்தால் சரி என்று அந்தப் பக்கம் சொன்னது. அவர் போகும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஆனா எண் படிக்கத் தெரியணும். மங்கலா இருந்தா கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிடும்," என்றார்.

வழி திறந்துவிட்டது என்று பார்த்தால், அடுத்த பூட்டு அங்கேயே தொங்கியது. மூன்று மெஷினும் சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. தலையின் எண் ஊமையின் முகத்தில். உடம்பின் தகடு சர்க்காரின் பக்கவாட்டில். மோட்டாரின் தகடு கிழவியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி. முன்னால் நின்றால் ஒன்று தெரியும், மற்ற இரண்டு தெரியாது. தூரமாகப் போனால் மூன்று மெஷினும் தெரியும், ஒரு எண்ணும் தெரியாது. அத்தான் வேன் மேல் ஏறி எடுத்துப் பார்த்தார். தம்பி முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தான். எண் இடவலம் மாறி வந்தது, அவன் முகமும் கூடவே வந்தது.

"உன் மூஞ்சியை ஏத்தினா சர்க்கார் உடனே கடனைத் தள்ளுபடி பண்ணிடும்டா, பாவம்னு," என்றாள் சின்னவள்.

அக்கா மூன்று செருப்புப் பெட்டிகளை எடுத்து வந்து தரையில் வைத்தாள். ஒன்றின் முகத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, ஒன்றின் பக்கத்தில் ஒரு கோடு, ஒன்றின் முதுகில் ஒரு கோடு. தரையில் உட்கார்ந்து அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்தாள். சொப்பு வைத்து விளையாடுகிற மாதிரி இருந்தது. மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி வைக்காதே, இப்படி வை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சின்னவள் ஒரு பெட்டியைத் தட்டிவிட்டாள், தம்பி அவள் கையில் அடித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பட்டறையில் நாலு குரலும் ஒரே நேரத்தில் கேட்டது. மிதிகள் ஓடாத நேரத்திலும் நாலு பேரும் கத்தித்தான் பேசினார்கள்.

ஒரு கட்டத்தில் அக்கா கையை எடுத்துவிட்டாள். மூன்று கோடும் அவளைப் பார்த்தன.

பிறகு எல்லாம் உடம்பு வேலை. தரையில் பதித்த போல்ட்டுகளைத் தம்பி தளர்த்தினான். குழாய்த் துண்டுகளை அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, மெஷின்களை ஒவ்வொன்றாக உருட்டினார்கள். அத்தான் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வேனைப் பின்னால் எடுக்கிறவருக்குச் சொல்வதுபோல் சொன்னார். மின்சார ஒயர் எட்டவில்லை, நீட்டிப்பு ஒயர் போட்டார்கள். தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துக் கிடந்தன. அக்கா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்து, மேலாக ஒருமுறை வழித்துவிட்டாள். பள்ளத்தில் வெண்மை தங்கியது, இலக்கங்கள் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன.

ஊமையில் தம்பி உட்கார்ந்தான். எதிர்வீட்டுப் பெண், "உங்க இடந்தானே அண்ணா" என்று தானாகவே நகர்ந்துகொண்டாள். கிழவியின் அந்தப் பக்கம் அக்கா, படத்தில் தெரியாதபடி. சர்க்காரில் சின்னவள். டொக், தடால், டிக். அத்தான் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டு, எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன, எடுங்க," என்றாள் அக்கா மெஷினுக்குப் பின்னாலிருந்து.

"இரு. கேட்டுக்கிறேன்," என்றார் அவர்.

முதல் படத்தில் தம்பியின் தோள் எண்ணை மறைத்தது. இரண்டாவதில் சாளரத்து வெளிச்சம் தகட்டில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. சாளரத்தில் ஒரு அட்டையைச் சாய்த்துவிட்டு எடுத்த மூன்றாவது படம் சரியாக வந்தது. அதையே திருத்தக் கடிதத்தோடு ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

செருப்புப் பெட்டிகளை வைத்து அக்கா கண்டுபிடித்த வழி இதுதான்: மூன்று மெஷினையும் தோளோடு தோள் ஒட்டி நிறுத்த வேண்டும். ஊமையை முகம் காட்டி, சர்க்காரைப் பக்கம் காட்டி, கிழவியை முதுகு காட்டி. எண்களில் சாக்பீஸ் தேய்த்து, மூன்றிலும் பாதி தைத்த பெட்டியை வைத்து, ஓடவிட்டு, எதிரே நாலடி தள்ளி நின்று ஒரே படமாக எடுத்தால் மூன்று எண்ணும் தெரியும்.